நாலு நிமோனியா, ரெண்டு ஃபைல்: அஞ்சு வயசு குழந்தை ஒண்ணோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது எங்க குழந்தைகள் வார்டுல நடந்த ஒரு கேஸ். பெத்தவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுதான் எழுதுறேன், அடையாளம் தெரியக்கூடிய எதையும் போடல. நாங்க சரியா பண்ணதும் இருக்கு, கோட்டை விட்டதும் இருக்கு, ரெண்டாவதுதான் கொஞ்சம் ஜாஸ்தி.

பெண் குழந்தை, முதல் தடவை நிமோனியான்னு அட்மிட் ஆனப்போ வயசு 4. நிறைமாசத்துல பிறந்தது, பிறந்ததும் மூச்சுல எந்த பிரச்னையும் இல்ல, தடுப்பூசி எல்லாம் முறையா போட்டிருக்கு, அந்த வயசு வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கமே வந்ததில்ல. அதுக்கப்புறம் 14 மாசத்துல நாலு அட்மிஷன். முதல் ரெண்டும் வேற இடத்துல, மூணாவதும் நாலாவதும் எங்ககிட்ட.

ஒரு வருஷத்துக்குள்ள 2 தடவையோ, மொத்தமா 3 தடவையோ நிமோனியா வந்து, நடுவுல எக்ஸ்-ரே தெளிவாயிருந்தா அதை திரும்பத் திரும்ப வர்ற நிமோனியான்னு சொல்லுவோம். அப்புறம் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, ஒரே இடத்துல வருதா, இடம் மாறி மாறி வருதா. ஒரே இடம்னா மூச்சுக்குழாய்க்குள்ள ஏதாவது மாட்டியிருக்கா (கடலை, பொம்மைத் துண்டு), வெளியில இருந்து நெறிகட்டி அமுக்குதா, பிறவியிலயே அந்தப் பகுதி நுரையீரல் தப்பா உருவாகியிருக்கான்னு பாப்போம். இடம் மாறி வந்தா சாப்பாடு புரையேறி உள்ள போகுதா, எதிர்ப்பு சக்தி குறைபாடா, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸா (சளி கெட்டியாகி அடைச்சுக்குற பரம்பரை நோய்), மூச்சுக்குழாய்ல இருக்குற நுண்முடி வேலை செய்யலையா, இதயத்துல ஓட்டையா, இல்ல வெறும் ஆஸ்துமாவை நிமோனியான்னு எழுதிட்டாங்களான்னு பாப்போம். இந்தப் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். இந்தக் கேஸ்ல நாங்க தடுக்கி விழுந்ததும் அந்த மனப்பாடத்துலதான்.

முதல் ரெண்டு அட்மிஷன்

முதல் தடவை 3 நாள் இருமல், லேசான காய்ச்சல், மூச்சு வேகமா வாங்குச்சு. எக்ஸ்-ரேல வலது கீழ்ப்பக்கம் நிழல். ஐவி ஆன்டிபயாடிக் போட்டாங்க, 6 நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஹீமோகுளோபின் 8.1 இருந்துச்சு, டிஸ்சார்ஜ் சம்மரியோட கடைசி வரியில "ரத்தசோகை, இரும்பு மருந்து தொடரவும்"னு ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

ரத்தசோகைக்கு வேற ஒரு டாக்டர் பாத்தாங்க. இரும்பு டானிக் குடுத்ததும் ரெண்டு மாசத்துல 10.6க்கு ஏறிடுச்சு. இரும்புச்சத்து குறைஞ்ச குழந்தை, மருந்து குடுத்தோம், ஏறிடுச்சுன்னு அந்தப் பக்கம் கணக்கு முடிஞ்சுது. அஞ்சு மாசம் கழிச்சு திரும்பவும் இருமல், மூச்சிரைப்பு, இந்தத் தடவை ரெண்டு பக்கமும் நிழல், ஹீமோகுளோபின் 7.2. திரும்பவும் ஆன்டிபயாடிக், திரும்பவும் இரும்பு. டானிக்கை நடுவுல ஒழுங்கா குடுக்கலன்னு அம்மாவுக்கு நல்லா திட்டும் விழுந்திருக்கு. அவங்க ஒரு நாள்கூட விடாம குடுத்தவங்க, அது எங்களுக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது.

மூணாவது தடவை, எங்ககிட்ட

முதல் அட்மிஷன்ல இருந்து 9வது மாசம் எங்ககிட்ட வந்தாங்க. காய்ச்சல் 99.8, சிஆர்பி (தொற்று இருந்தா ஏறுற ரத்த டெஸ்ட்) கிட்டத்தட்ட நார்மல், சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 92, ரெண்டு கீழ்ப்பக்கமும் நிழல், ஹீமோகுளோபின் 7.9. அட்மிட் ஆன 4வது நாள் எடுத்த எக்ஸ்-ரேல நிழல் பாதிக்கு மேல மறைஞ்சிருந்துச்சு. ரவுண்ட்ஸ்ல "மருந்து நல்லா வேலை செய்யுது"ன்னு சொன்னவன் நான்தான். பாக்டீரியா நிமோனியாவோட நிழல் முழுசா மறைய பொதுவா 4ல இருந்து 6 வாரம் ஆகும், குழந்தை நல்லாகி ஓடியாடினாலும் படம் மெதுவாத்தான் தெளியும். நாலு நாள்ல இவ்வளவு தெளிஞ்சா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி சந்தேகப்பட்டிருக்கணும்.

இடம் மாறி வர்ற நிமோனியா, அதனால பட்டியலை எடுத்து வரிசையா டிக் அடிச்சோம். வியர்வை குளோரைடு (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான டெஸ்ட்) நார்மல். எதிர்ப்பு சக்திக்கான இம்யூனோகுளோபுலின் அளவு நார்மல். எச்ஐவி இல்ல. இதய எக்கோ நார்மல். பேரியம் குடிக்க வெச்சு எடுத்த படத்துல புரையேறல. டிபிக்காக மூணு நாள் காலையில வெறும் வயித்துல மூக்கு வழியா ட்யூப் போட்டு இரைப்பைத் தண்ணி எடுத்து அனுப்பினோம், அதுலயும் ஒண்ணும் இல்ல. "காரணம் தெரியல, தொடர்ந்து கவனிக்கவும்"னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டோம்.

அந்த இரைப்பைத் தண்ணி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நாலாவது தடவை

14வது மாசம் ராத்திரி எமர்ஜென்சிக்கு வந்தப்போ குழந்தை வெளிறிப் போயிருந்தா, உதடு காகிதம் மாதிரி. சாச்சுரேஷன் 86, மூச்சு நிமிஷத்துக்கு 56, ஹீமோகுளோபின் 5.4. காய்ச்சலே இல்ல. எக்ஸ்-ரேல ரெண்டு நுரையீரலும் மேகம் போட்ட மாதிரி. ஹை ஃப்ளோ ஆக்சிஜன் வெச்சு, ரத்தத்தை மெதுவா ஏத்தி, தொற்று இல்லன்னு அந்த நேரத்துல அடிச்சு சொல்ல முடியாததால ஆன்டிபயாடிக்கும் ஆரம்பிச்சோம்.

ராத்திரி ட்யூட்டியில இருந்த ஜூனியர் டாக்டர் கேஸ் ஷீட் எழுத உக்காந்தப்போதான் அம்மா பையில இருந்து ரெண்டு ஃபைல் எடுத்திருக்காங்க. ஒண்ணு நெஞ்சுக்கு, ஒண்ணு ரத்தத்துக்கு. இத்தனை மாசமா நெஞ்சு டாக்டர்கிட்ட நெஞ்சு ஃபைல், ரத்த டாக்டர்கிட்ட ரத்த ஃபைல்னு பொறுப்பா பிரிச்சு காட்டிட்டு இருந்திருக்காங்க. நாங்களும் மூணாவது அட்மிஷன்ல நெஞ்சு ஃபைலை மட்டும்தான் கேட்டு வாங்கிப் பாத்தோம்.

அந்தப் பொண்ணு (ஜூனியர் டாக்டரைச் சொல்றேன்) ஒரு வெள்ளைத் தாள எடுத்து ரெண்டு ஃபைல்லயும் இருந்த தேதியெல்லாம் ஒரே வரிசையில எழுதியிருக்கா. இடது பக்கம் எக்ஸ்-ரே, வலது பக்கம் ஹீமோகுளோபின். நிழல் வந்த நாலு தடவையும் ஹீமோகுளோபின் சடார்னு விழுந்திருக்கு, நிழல் போன பிறகு ஏறியிருக்கு. காலையில ரவுண்ட்ஸ்ல அந்தத் தாள நீட்டி "சார், ரத்தம் நுரையீரலுக்குள்ளயே போகுதோ?"ன்னு கேட்டா. கொஞ்ச நேரம் யாரும் பேசல.

ரத்த ஃபைல்ல இருந்தது

அதுக்கப்புறம் ரத்த ஃபைல ஒவ்வொரு பக்கமா படிச்சோம். ரத்த அணு சின்னதா இருக்கு, எம்சிவி (சிவப்பணுவோட சராசரி அளவு) 62, இரும்புக் குறைபாடுக்குப் பொருந்துது. ஆனா ரெட்டிக்குலோசைட் (புதுசா உருவான சிவப்பணு) 7 சதவீதம், அதாவது எலும்பு மஜ்ஜை முழு மூச்சா வேலை செஞ்சிட்டு இருக்கு. பிலிருபின் (சிவப்பணு உடையும்போது வர்ற மஞ்சள் நிறமி) 1.9, லேசா கூட. அதனால ரத்த அணு உடையுற நோயோன்னு கூம்ஸ் டெஸ்ட், எலக்ட்ரோஃபோரெசிஸ், ஜி6பிடி எல்லாம் பாத்திருக்காங்க, எல்லாம் நார்மல். நுரையீரலுக்குள்ள கசிஞ்ச ரத்தம் அங்கேயே உடைஞ்சு உறிஞ்சப்படும்போதும் பிலிருபின் இப்படி லேசா ஏறும்.

ஃபெர்ரிட்டின் (உடம்புல இரும்பு இருப்பைக் காட்டுற டெஸ்ட்) நார்மல்னு வந்த ஒரு ரிப்போர்ட்டும் எல்லாரையும் குழப்பியிருக்கு. இப்படி நுரையீரலுக்குள்ள ரத்தம் கசியுற நோய்ல அங்க இரும்பு குவிஞ்சு கிடக்கும், ஆனா அது மஜ்ஜைக்குத் திரும்பிப் போகாது, மாட்டின இடத்துலயே கிடக்கும். நுரையீரல்ல இருந்தே ஃபெர்ரிட்டின் ரத்தத்துக்கு வர்றதால அளவு நார்மலாவோ கூடவோ காட்டலாம், மஜ்ஜை மட்டும் பட்டினி கிடக்கும்.

மலத்துல மறை ரத்தம் பாசிட்டிவ். அதனால குடல்ல கசிவுன்னு நெனச்சு எண்டோஸ்கோபிக்கு நாள் குறிச்சிருந்தாங்க. சின்னக் குழந்தைங்க சளியைத் துப்பாது, முழுங்கிடும். நுரையீரல்ல இருந்து மேல வந்த ரத்தம் வயித்துக்குள்ள போய் மலத்துல வந்திருக்கு.

அம்மாகிட்ட திரும்ப உக்காந்து கேட்டோம். "இருமும்போது ரத்தம் வந்துச்சா?"ன்னு கேட்டப்போ இல்லன்னுதான் சொன்னாங்க, முன்னாடியும் அதையேதான் சொல்லியிருக்காங்க. கேள்வியை மாத்தி, "வாந்தி எடுத்தாளா, என்ன கலர்ல?"ன்னு கேட்டதும் யோசிச்சுட்டு, "காலைல சில நாள் பழுப்பா எடுப்பா டாக்டர், டானிக் கலர்தானேன்னு விட்டுட்டேன். மலமும் கருப்பாதான் போகும், டானிக் குடிச்சா அப்படித்தான் போகும்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னாங்க. ஆமா, நாங்கதான் சொன்னோம். இரும்பு மருந்துக்கு மலம் கருக்கும்ங்கறது உண்மை, அதைத்தான் எல்லா அம்மாக்களுக்கும் சொல்லி அனுப்புறோம். இங்க நோய் அந்த வாக்கியத்துக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கிச்சு.

உறுதி பண்ண என்ன செஞ்சோம்

சிடி ஸ்கேன்ல ரெண்டு நுரையீரலும் அரைத்த கண்ணாடி மாதிரி மங்கலா இருந்துச்சு. மறுநாள் ப்ராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள்ள கேமரா விட்டு பாக்குறது). மூச்சுக்குழாய்க்குள்ள ஒரு இடத்துல இருந்து ரத்தம் வழியல, கட்டியோ மாட்டின பொருளோ இல்ல. வலது நுரையீரலோட நடுமடல்ல சலைன் (உப்புத் தண்ணி) விட்டு உறிஞ்சினோம். முதல் சிரிஞ்சு வெளிர் ரோஸ், ரெண்டாவது இன்னும் சிவப்பு, மூணாவது அதைவிட. கழுவக் கழுவ வெளுக்காம சிவந்துகிட்டே போனா ரத்தம் காற்றுப்பை ஆழத்துல இருந்து பரவலா கசியுதுன்னு அர்த்தம். மூணு சிரிஞ்சையும் வரிசையா ட்ரேல வெச்சப்போ பக்கத்துல நின்ன நர்ஸே "இது நிமோனியா இல்லையே"ன்னாங்க.

அந்தத் தண்ணியை பிரஷ்யன் ப்ளூ ஸ்டெயின் (இரும்பை நீலமா காட்டுற சாயம்) போட்டு பாத்தா, கழிவை விழுங்கிச் சுத்தம் பண்ற மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ள நீலத் துகள் நிரம்பிக் கிடந்துச்சு. எண்ணின செல்லுல பாதிக்கு மேல அப்படித்தான். ரத்தம் கசிஞ்சு ரெண்டு மூணு நாள் ஆனாதான் இந்த செல்கள் இரும்பை ஹீமோசிடெரினா (சேமிச்ச இரும்புத் துகளா) மாத்தி நீலமா காட்டும், வாரக்கணக்குல அப்படியே இருக்கும். புது ரத்தமும் நீல செல்லும் சேர்ந்தே இருந்ததால பழைய கசிவு மேல புதுக் கசிவுன்னு புரிஞ்சுது.

இந்த நீல செல் இரைப்பைத் தண்ணியிலயும் தெரியலாம். அஞ்சு மாசம் முன்னாடி மூணு நாள் காலையில குழந்தையை அழ வெச்சு நாங்க எடுத்த சாம்பிள்லயே இந்த ஒரு ஸ்டெயினையும் கேட்டிருந்தா அன்னிக்கே மாட்டியிருக்க வாய்ப்பு இருந்துச்சு. டிபிக்கு மட்டும்தான் எழுதி அனுப்பினோம்.

இனி ஏன் கசியுதுங்கற கேள்வி. ரத்தம் உறையுற டெஸ்ட் நார்மல். யூரின்ல ரத்தமோ புரதமோ இல்ல, கிரியாட்டினின் நார்மல், ஏஎன்ஏ, ஆன்கா, ஆன்டி ஜிபிஎம் எல்லாம் நெகட்டிவ், அதனால நுரையீரலையும் கிட்னியையும் சேர்த்துத் தாக்குற நோய்கள் பின்னால போச்சு. இதயத்துல மைட்ரல் வால்வு சுருக்கம் எக்கோல இல்ல. சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதம் ஒத்துக்காம குடல் கெடுற நோய்) டெஸ்ட்டும் பாத்தோம், வயித்துப்போக்கே இல்லாட்டியும் பாக்கணும், ஏன்னா அதுவும் நுரையீரல் கசிவும் சேர்ந்து வர்றதை லேன், ஹாமில்டன்னு ரெண்டு டாக்டர்ங்க 1971லயே எழுதியிருக்காங்க, அந்தக் குழந்தைங்களுக்கு கோதுமையை நிறுத்தினாலே நுரையீரல் கசிவு அடங்குறது உண்டு. இவளுக்கு நெகட்டிவ். மிஞ்சினது காரணம் தெரியாத நுரையீரல் ஹீமோசிடெரோசிஸ், அதாவது திரும்பத் திரும்ப ரத்தம் கசிஞ்சு நுரையீரல்ல இரும்பு படியுற நோய். விர்கோங்கற டாக்டர் 1864ல நுரையீரல் பழுப்பாகி இறுகுறதை விவரிச்சாரு, 1931ல சீலன்ங்கற டாக்டர் ரெண்டு குழந்தைகளோட பிரேதப் பரிசோதனையை வெச்சு நோயை எழுதினாரு. ரத்தசோகை, இருமும்போது ரத்தம், எக்ஸ்-ரேல நிழல்னு மூணும் சேர்ந்து வரும்னு புத்தகத்துல இருக்கும். நிஜத்துல குழந்தைங்ககிட்ட மூணும் ஒண்ணா வரணும்னு இல்ல, பல நேரம் ரத்தசோகை மட்டும் மாசக்கணக்கா தனியா நிக்கும்.

எடுத்த முடிவுகள், ஏன் அப்படி

ப்ராங்கோஸ்கோபி முடிஞ்சு டிபி இல்லன்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கு சாயங்காலமே மெதில்பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு நரம்பு வழியா, 3 நாள். அப்புறம் வாய் வழியா பிரெட்னிசோலோன், அதுவும் ஸ்டீராய்டுதான். கல்ச்சர்ல எதுவும் வளராததால ஆன்டிபயாடிக்கை நிறுத்திட்டோம், இது சின்ன முடிவு மாதிரி தெரியும், ஆனா வார்டுல பெரிய வாக்குவாதம் இதுக்குத்தான். ஸ்டீராய்டு குடுக்குற குழந்தைக்கு ஆன்டிபயாடிக் இல்லாம எப்படின்னு ஒரு தரப்பு. தொடர்ந்து குடுத்தா குழந்தை தேறினதுக்குக் காரணம் எதுன்னு மறுபடியும் குழம்பும்னு நாங்க.

நுரையீரல் பயாப்சி (சின்னத் துண்டு எடுத்து சோதிக்கிறது) பண்றதா வேண்டாமா? சின்ன ரத்தக்குழாய் அழற்சி இருந்தா ரத்த டெஸ்ட் எல்லாம் நெகட்டிவா இருந்தும் பயாப்சில மட்டும் தெரியலாம், அதனால பண்ணணும்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்க வாதத்துல நியாயம் இருக்கு. ஆக்சிஜன்ல இருக்குற, ஹீமோகுளோபின் இப்பதான் ஏறின குழந்தையை அறுவைக்கு அனுப்ப எங்களுக்கு மனசு வரல. ஸ்டீராய்டுக்கு அடங்கலன்னா இல்ல திரும்ப வந்தா பண்ணலாம்னு பெத்தவங்ககிட்ட வெளிப்படையா சொல்லி தள்ளி வெச்சோம்.

பாட்டி வந்து, "பாலை நிறுத்திடலாமா, பால்தான் ஆகலையோ"ன்னு கேட்டாங்க. பொருத்தமான கேள்வி, பசும்பால் புரதத்தால இதே மாதிரி நுரையீரல் கசியுறது உண்டு, ஆனா அது பெரும்பாலும் கைக்குழந்தைங்களுக்கு. ஸ்டீராய்டையும் ஆரம்பிச்சு பாலையும் ஒரே நாள்ல நிறுத்தினா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாமலே போயிடும், அதனால இப்ப வேண்டாம், திரும்ப வந்தா அதையும் முயற்சி பண்ணலாம்னு சொன்னோம். அப்பா வீட்டுச் சுவர்ல இருக்குற பூஞ்சையைப் பத்திக் கேட்டாரு. அமெரிக்காவுல கிளீவ்லேண்ட்ல கைக்குழந்தைங்களுக்கு நுரையீரல் ரத்தக்கசிவு வந்தப்போ பூஞ்சை மேல பழி விழுந்துச்சு, அப்புறம் 2000ல அந்த நாட்டு நோய் கட்டுப்பாட்டு மையமே மறுபடி ஆராய்ஞ்சு தொடர்பு நிரூபணமாகலன்னு சொல்லிட்டாங்க. ஈரச் சுவரை எப்படியும் சரி பண்ணுங்க, ஆனா அதுதான் காரணம்னு உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்கன்னு சொல்லி அனுப்பினோம்.

அதுக்கப்புறம்

அஞ்சாவது நாள் ஆக்சிஜன் எடுத்தாச்சு. 11வது நாள் வீட்டுக்குப் போனா. ரெண்டு மாசத்துல ஹீமோகுளோபின் 11.6, ரெட்டிக்குலோசைட் நார்மல்.

நடுவுல ஒரு நாள் அம்மா அழுதுகிட்டே வந்தாங்க, செல்ஃபோன்ல ஏதோ படிச்சிருக்காங்க, இந்த நோய் வந்தா சராசரியா ரெண்டரை வருஷம்தான்னு. பழைய காலத்துக் கணக்கு அது. நீண்ட நாள் மருந்து குடுத்து பாத்த குழந்தைகளைப் பத்தி 1999ல வந்த ஒரு ஆய்வுல 5 வருஷத்துக்கப்புறமும் 86 சதவீதம் பேர் உயிரோட இருந்திருக்காங்க. சின்ன ஆய்வுதான், அதையும் மறைக்காம சொன்னோம். இந்தப் பேச்சை நாங்களே முதல் நாள் பேசியிருக்கணும்.

ஏழாவது மாசம் ஸ்டீராய்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு குறைச்சப்போ லேசா சளி பிடிச்சுது, குழந்தை நல்லா விளையாடிட்டுதான் இருந்தா. ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பாக்குற ஹீமோகுளோபின் 11.9ல இருந்து 9.6க்கு இறங்கியிருந்துச்சு. எக்ஸ்-ரேல லேசான மங்கல். இந்தத் தடவை அட்மிஷன் இல்லாமலே ஸ்டீராய்டை ஏத்தி, கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் (கண்ணைப் பாதிக்கலாம்கறதால பரிசோதனை தேவைப்படுற மருந்து) சேர்த்தோம். திரும்ப வந்தா பயாப்சின்னு சொல்லியிருந்தோம் இல்லையா, அதைத் திரும்பவும் பேசினோம், மருந்துக்கு ஒரு வாரத்துல அடங்கிட்டதால பெத்தவங்க வேண்டாம்னாங்க, நாங்களும் வற்புறுத்தல. சரியான்னு கேட்டா, எங்க டீம்லயே இன்னும் ரெண்டு அபிப்பிராயம் இருக்கு.

இப்போ நோய் கண்டுபிடிச்சு 26 மாசம். கடைசி 14 மாசமா கசிவு இல்ல, ஸ்டீராய்டு நிறுத்தியாச்சு, ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் ஓடிட்டு இருக்கு, கண் பரிசோதனை தொடருது. முதல் வருஷம் முகம் உப்பி, உயரம் ஏறாம நின்னுடுச்சு, ஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்ணாங்கன்னு கண்ணாடியைத் திருப்பி வெச்சிருவாளாம். உயரம் இப்ப ஏறுது, ஆனா விட்டதை முழுசா பிடிக்கல.

என்ன மாத்தியிருக்கோம்

எங்க வார்டுல ரெண்டாவது தடவை நிமோனியான்னு வர்ற எந்தக் குழந்தைக்கும் பழைய எக்ஸ்-ரேவையும் பழைய ஹீமோகுளோபினையும் ஒரே தாள்ல தேதி வரிசையா எழுதணும், எழுதாம ரவுண்ட்ஸ்ல கேஸ் சொல்லக் கூடாது. எந்த டாக்டர்கிட்ட எந்த நோய்க்குப் போயிருந்தாலும் எல்லா ஃபைலையும் கேட்டு வாங்கணும். நிமோனியாவோட ரத்தசோகையும் இருந்தா ரெட்டிக்குலோசைட் பாக்கணும். தொற்றுனால ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கலாம், ஆனா சில நாள்ல 2, 3 கிராம் இறங்கி ரெட்டிக்குலோசைட்டும் ஏறியிருந்தா ரத்தம் எங்கயோ போகுதுன்னு அர்த்தம். நிழல் நாலஞ்சு நாள்ல மறைஞ்சா ஃபைல்ல சிவப்பு மையில எழுதணும்.

இரைப்பைத் தண்ணி அனுப்புற ஃபார்ம்ல இப்போ டிபிக்குக் கீழ இன்னொரு கட்டம் இருக்கு, இரும்பு ஸ்டெயினுக்கு. ரத்தசோகை இருக்குற குழந்தைக்கு அதையும் டிக் அடிச்சு அனுப்புறோம். இதுவரைக்கும் அனுப்பின எதுவும் பாசிட்டிவா வரல, லேப்ல இருந்து எப்பவாவது ஃபோன் பண்ணி "இது நிஜமா வேணுமா டாக்டர்?"னு கேப்பாங்க. வேணும்னுதான் சொல்லிட்டு இருக்கோம்.